எலிக்கு எதுக்கு டச் ஸ்கிரீன்?

எபிசோடில் பேசியதை எழுத்துக்காகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன். நான் உளறிய இடங்களையும் சரிசெய்திருக்கிறேன். மற்றபடி அதே கதைதான்.

ஒரு பெட்டியை நினைச்சுக்கோங்க. ஒரு பக்கம் குறுகல், எதிர்ப்பக்கம் அகலம். பள்ளிக் கணக்கில் சரிவகம் என்று படித்தோமே, மேலிருந்து பார்த்தால் அந்த வடிவம். சுவரெல்லாம் கறுப்பு. அகலமான பக்கத்தில் ஒரு டச் ஸ்கிரீன், குறுகலான பக்கத்தில் ஒரு சின்னத் தட்டு. உள்ளே ஒரு சுண்டெலி. திரையில் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள் வருகின்றன. ஒன்றில் கோலிக்குண்டு மாதிரி உருண்டைகள், இன்னொன்றில் விசிறி மாதிரி கோடுகள். சுண்டெலி போய் ஒரு படத்தை மூக்கால் தொடுகிறது. சரியான படம் என்றால் ஒரு சத்தம் வரும், தட்டில் விளக்கு எரியும், ஒரு சொட்டு ஸ்ட்ராபெர்ரி மில்க்‌ஷேக் இறங்கும். தப்பு என்றால் பால் கிடையாது. பெட்டி விளக்கு எரியும், 5 நொடி சும்மா நிற்க வேண்டும்.

அந்த நேரத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் மனுஷங்க யாரும் இல்லை. இந்தக் கதையில் முக்கியமான விஷயமே அதுதான்.

ஏன் முக்கியம் என்று சொல்ல, எங்க வீட்டு விஷயம் ஒன்று. எங்க அம்மாச்சிக்கு வயது 82. ஞாபகம் கொஞ்சம் தடுமாறுகிறதே என்று ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். ஒரு இளம் டாக்டர் கடகடவென்று மூன்று சொற்களைச் சொல்லி, "ஞாபகம் வச்சுக்கோங்க பாட்டி, அப்புறம் கேட்பேன்" என்றார். அம்மாச்சிக்கு இடது காது மந்தம். அந்த அறையில் ஏசி வேறு உறுமிக்கொண்டிருந்தது. கேட்டபோது ஒரு சொல்தான் வந்தது. மூன்று மாதம் கழித்து வேறொரு டாக்டர், வலது பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னார். மூன்றும் வந்தன. மூன்று மாதத்தில் மூளை குணமாகிவிட்டதா என்ன? சோதித்த ஆள்தான் மாறியிருந்தார். முதல் தடவை போட்ட மார்க்கில் எவ்வளவு அம்மாச்சியுடையது, எவ்வளவு அந்த அறையுடையது?

எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதே கேள்வியோடு நூறு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். பதில் தேடிப் போனதில் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்றுதான் இந்தத் தொடுதிரை.

முதலில் வந்தது புதிர்ப்பாதை. 1900 வாக்கில் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் வில்லார்ட் ஸ்மால் என்பவர், இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்தில் இருக்கும் வேலிப் புதிரைப் பார்த்து எலிக்கு ஒன்று கட்டினார். எலி வளைக்குள் வாழும் பிராணி, சந்து பொந்து அதற்குப் பழக்கம். நல்ல யோசனைதான். ஆனால் எலி எதை வைத்து வழி கண்டுபிடித்தது? கண்ணாலா, மீசையாலா, முன்னால் போன எலி விட்டுப்போன வாசனையாலா? வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

"பார்வையை மட்டும் தனியாகப் பிரிக்கணும்" என்று உட்கார்ந்தவர் கார்ல் லாஷ்லி. 1930-ல் அவர் வெளியிட்ட கருவிக்குத் தாவு மேடை என்று பெயர் வைக்கலாம். எலியை ஒரு சின்ன மேடையில் நிறுத்துவார்கள். எதிரே இரண்டு ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை, அட்டையில் ஒரு படம். எலி ஏதாவது ஒன்றை நோக்கித் தாவ வேண்டும். சரியான அட்டை பின்னால் சாய்ந்து வழிவிடும், அந்தப் பக்கம் சாப்பாடு இருக்கும். தப்பான அட்டை அசையாமல் பூட்டியிருக்கும். எலி மூக்கில் அடிபட்டு, கீழே கட்டியிருக்கும் வலையில் விழும். கேட்கவே பாவமாக இருக்கிறதா? இருக்கணும். ஆனால் இதற்குள் ஒளிந்திருக்கும் யோசனையைக் கவனியுங்க. இரண்டு படம் காட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வை, உடனே பலன் கொடு. பல பத்தாண்டுகள் கழித்து வந்த மில்க்‌ஷேக் பெட்டியும் செய்வது இதையேதான். மூக்குக்கு அடி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். லாஷ்லியின் மேடையில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு ஆள் எலியைத் தூக்கி மேடையில் வைக்கணும், அட்டையை மாற்றணும். அந்த ஆளின் கை சூடு, பொறுமை, அவசரம் எல்லாமே சோதனைக்குள் வந்துவிடும்.

கையை வெளியே எடுத்தது பி. எஃப். ஸ்கின்னர். 1930-களில் அவர் செய்த பெட்டியில் எலி தானே நெம்புகோலை அழுத்தும், தீனி தானே விழும், கணக்கும் தானே பதிவாகும். ஆனால் நெம்புகோல் ஒரு ஊமைக் கருவி. அழுத்தினதா இல்லையா என்பதைத் தவிர வேறெதுவும் அதனிடம் கேட்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. என் ஃபேவரிட் என்பதால் விட மனசில்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் குண்டுகளை வழிநடத்தப் பார்த்தார். குண்டின் முனையில் புறா உட்கார்ந்திருக்கும், எதிரே திரையில் இலக்கின் பிம்பம், புறா அதைக் கொத்திக்கொண்டே இருக்கும். கொத்து நடுவிலிருந்து விலகினால் குண்டு திரும்பும். ராணுவம் ஆதரவை நிறுத்திவிட்டது. போருக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் அதையே மறுபடி எடுத்தார்கள். அப்போது புறாவின் அலகு நுனியில் தங்கத்தில் ஒரு மின்முனை. அது மின்சாரம் ஓரளவு கடத்தும் கண்ணாடியைத் தொட்டால், எந்த இடத்தில் தொட்டது என்று இயந்திரத்துக்குத் தெரியும். 1953-ல் அதையும் மூடிவிட்டார்கள். விரலால் தொட்டு இயக்கும் திரையைப் பற்றி இங்கிலாந்தின் மால்வர்ன் ரேடார் நிலையத்தில் இருந்த ஈ. ஏ. ஜான்சன் எழுதியது 1965-ல். அதாவது மனுஷ விரலுக்கு முன்னாடியே புறா அலகு வந்துவிட்டது. போனை ஸ்வைப் பண்ணும்போது எப்பவாவது இதை நினைச்சுப் பாருங்க.

சரி, மெயின் ரோட்டுக்கு வருவோம். 1981-ல் ரிச்சர்ட் மோரிஸ் தண்ணீர்த் தொட்டிச் சோதனையைக் கொண்டுவந்தார். வட்டமான தொட்டி, பால் கலந்து கலங்கலாக்கிய தண்ணீர், அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடை. எலி நீந்திக்கொண்டே மேடையைத் தேடும். அடுத்தடுத்த தடவைகளில் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறது என்பதுதான் கணக்கு. எளிமை, மலிவு, சில நாளில் முடிந்துவிடும். உலகமே இதைப் பிடித்துக்கொண்டது. அல்சைமர் சுண்டெலிகளும் வரிசையாகத் தொட்டியில் இறங்கின. எலியாவது நன்றாக நீந்தும். சுண்டெலி நீச்சலில் சுமார், சிலது சும்மா மிதக்கும். அது மறந்ததால் மிதக்கிறதா, பயத்தில் மிதக்கிறதா, "போதும்டா சாமி" என்று மிதக்கிறதா? இன்னொரு பக்கம், நினைவு மருத்துவமனைக்கு வரும் எந்த மனுஷரையும் யாரும் தொட்டியில் தள்ளுவதில்லை. எலியைச் சோதிக்கும் முறை ஒன்று, மனுஷரைச் சோதிக்கும் முறை வேறொன்று. சுண்டெலியில் வேலை செய்த மருந்து மனுஷரில் வேலை செய்யாமல் போவதற்குக் காரணங்கள் நிறைய. அளவுகோலே வேறு என்பதும் அதில் ஒன்று. எங்க தொழிலில் இதைச் சொல்வதென்றால், டெஸ்ட் சர்வரில் ஒரு புரோகிராம், புரொடக்‌ஷனில் வேறொரு புரோகிராம். அப்புறம் ரிலீஸ் அன்றைக்கு ஒப்பாரி.

இதே காலத்தில் கேம்பிரிட்ஜில் டிரெவர் ராபின்ஸ், பார்பரா சஹாக்கியன் குழு மனுஷர்களுக்காக ஒரு கணினிச் சோதனைத் தொகுப்பை உருவாக்கியது. பெயர் கேன்டேப். நோயாளி தொடுதிரையைத் தொட்டுப் பதில் சொல்வார், பேச்சே வேண்டியதில்லை. அதில் பல சோதனைகள் குரங்குகளுக்காக ஆய்வுக்கூடத்தில் உருவான சோதனைகளிலிருந்து வந்தவை. வாய் பேசாத பிராணியிடம் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டவர்கள், அந்த வித்தையைப் பேசத் தடுமாறும் மனுஷரிடம் கொண்டுவந்தார்கள். அடுத்த படி, அதையே திருப்பி எலியிடம் கொண்டுபோவது. 1994-ல் டிம் பஸ்ஸி, ஜானிஸ் மியூர், ராபின்ஸ் மூவரும் எலிக்கான தொடுதிரை முறையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பிறகு பஸ்ஸியும் லிசா சக்சிடாவும் சேர்ந்து அதை வருஷக்கணக்கில் செதுக்கி, சுண்டெலிக்கும் பொருந்தும்படி செய்தார்கள்.

பொறியாளனாக நான் ரசித்த இடம் இந்தச் செதுக்கல்தான். உங்க போன் திரை விரலின் மின்தன்மையை உணர்வது. இந்த ஆய்வுப் பெட்டிகளில் பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர் வைத்த திரை. கண்ணாடிக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், எது குறுக்கே வந்தாலும் தொட்டதாகப் பதிவாகும். அழுத்த வேண்டாம், விரல் வேண்டாம், மூக்கு போதும். 1972-ன் பிளேட்டோ கணினியில் மாணவர்கள் தொட்ட திரையும் இந்த வகைதான். ஆனால் எதுவும் போதும் என்றால் வாலும் போதும், இல்லையா? அதனால் திரைக்கு முன் ஜன்னல் வெட்டிய ஒரு கறுப்பு மறைப்பு. படம் வரும் ஜன்னல் மட்டும் திறந்திருக்கும். பெட்டி சரிவகமாக இருப்பதும் அழகுக்காக இல்லை, எலியின் கவனத்தைத் திரைப்பக்கம் திருப்பத்தான்.

அடுத்தது பயிற்சி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், கடைசியில் தேவைப்படும். சுண்டெலியை எடுத்தவுடனே யாரும் சோதிப்பதில்லை. முதலில் பெட்டியில் சும்மா உட்கார்ந்து பால் குடிக்கும், இடம் பழகட்டும் என்று. பிறகு திரையில் ஒரு படம் வரும், தொடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் பால் கிடைக்கும். தொட்டால் கூடுதல் பால். அடுத்து, தொட்டால்தான் பால். அதற்கும் அடுத்து, தட்டில் மூக்கை விட்டு "நான் ரெடி" என்று அதுவே சொன்னால்தான் படம் வரும். அதன் பிறகுதான் வெற்று ஜன்னலைத் தொட்டால் 5 நொடி தண்டனை. ஒவ்வொரு படியிலும் 60 நிமிடத்தில் 30 முறை முடித்துக் காட்டினால்தான் அடுத்த படி. முடியாத சுண்டெலியை யாரும் "மறதி" என்று எழுதுவதில்லை. மறுநாள் அதே படி, அதற்கும் மறுநாள் அதே படி. இதெல்லாம் முடிந்தபின்தான் உண்மையான சோதனை ஆரம்பம். அதில் இரண்டு நாள் தொடர்ந்து நூற்றுக்கு 80 சரியாகச் செய்தால் கற்றுக்கொண்டது என்று கணக்கு.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைத்தது? இரண்டு மூன்று மட்டும் சொல்கிறேன். 2009-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று. வளர்ந்த சுண்டெலியின் ஹிப்போகாம்பஸில் புது நரம்பணுக்கள் பிறப்பதைக் கதிர்வீச்சால் நிறுத்தினார்கள். திரையில் இரண்டு கட்டங்கள் ஒளிரும், சரியான இடத்தைத் தொடணும். கட்டங்கள் தள்ளி இருந்தபோது அந்தச் சுண்டெலிகள் சரியாகவே செய்தன. பக்கத்துப் பக்கத்தில் வந்தபோது தடுமாறின. அதாவது நினைவு மொத்தமாகப் போகவில்லை, ஒன்றுபோல இருக்கும் இரண்டைப் பிரித்துப் பார்க்கும் திறன் மட்டும் போனது. "மறதி இருக்கு, மறதி இல்லை" என்று மட்டும் சொல்லும் சோதனையில் இது பிடிபட்டிருக்குமா?

2011-ல் இன்னொன்று. அல்சைமருக்காக மரபணு மாற்றிய சுண்டெலிகளிடம் நினைவை அல்ல, கவனத்தைச் சோதித்தார்கள். ஐந்து ஜன்னலில் ஏதோ ஒன்றில் ஒரு கணம் வெளிச்சம் வரும், அதைத் தொடணும். நேரம் போகப்போக அவற்றின் கவனம் நழுவியது. நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் டோனெபெசில் கொடுத்ததும் தேறியது.

2013-ல் வந்தது இன்னும் நேரடி. ஜெஸ் நித்தியானந்தராஜா, சேத் கிராண்ட், பஸ்ஸி, சக்சிடா உள்ளிட்டோர் செய்தது. நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தில் வேலை செய்யும் டிஎல்ஜி2 என்ற மரபணு கெட்டுப்போன சுண்டெலிகளைத் தொடுதிரையில் சோதித்தார்கள். அதே மரபணுவில் குறையுள்ள மனுஷர்கள் சிலருக்குக் கேன்டேப் சோதனை. எந்தப் படம் எந்த இடத்துக்கு உரியது என்பதை நினைவில் வைக்கும் சோதனையில் இரு தரப்பும் சறுக்கியது. லாஷ்லியின் வலையில் விழுந்த எலிகளைக் கேட்டால் நம்பியிருக்காது.

இன்னொரு பக்கம், ஆளை வெளியே எடுக்கணும் என்ற பிடிவாதத்துக்கு நியாயம் கொடுத்தது 1999-ல் வந்த ஒரு கட்டுரை. ஜான் கிராபும் இரண்டு சகாக்களும் போர்ட்லண்ட், எட்மன்டன், அல்பனி என மூன்று ஊர்களில் ஒரே வகைச் சுண்டெலிகள், ஒரே கருவிகள், ஒரே தீனி, ஒரே நேரம் என்று எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து 6 சோதனைகள் செய்தார்கள். முடிவுகள் ஊருக்கு ஊர் வேறு. "என் மெஷின்ல ஓடுதே" என்று நாங்க சொல்வோமே, அந்த வியாதிதான். எட்மன்டனில் சோதனை செய்தவருக்குச் சுண்டெலி அலர்ஜி, முகத்தில் சுவாசக் கவசம் மாட்டிக்கொண்டுதான் எல்லாவற்றையும் செய்தார் என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது அந்த ஏசி அறைதான் ஞாபகம் வந்தது. 2014-ல் இன்னொரு குழு, ஆண் ஆய்வாளரின் வாசனையே சுண்டெலிக்கு மன அழுத்தம் தந்து வலி உணர்வைக் குறைக்கிறது என்று காட்டியது. சட்டையில் ஒட்டிய வாசனை போதும், ஆளே வேண்டாம்.

தொடுதிரையும் மந்திரக்கோல் இல்லை. பெட்டிக்குள் யாரும் இல்லைதான், ஆனால் கூண்டிலிருந்து எடுத்து அதில் விடுவது ஒரு கைதானே. பாலுக்கு ஆசை வரணும் என்று தீனியைக் குறைத்து, எடையைச் சாதாரண அளவில் 85-லிருந்து 90 சதவீதத்தில் வைக்கிறார்கள். பசிக்கிற மூளையைத்தான் அளக்கிறோம். சுண்டெலி மூக்காலும் மீசையாலும் இருட்டில் வாழ்கிற பிராணி, அதன் பார்வை மங்கல். ஆய்வுக்கூட வகைகள் சிலவற்றில் விழித்திரையே சீக்கிரம் கெட்டுவிடும், அவற்றிடம் படம் காட்டி என்ன பிரயோஜனம்? "ஒரே சோதனை" என்பதையும் கொஞ்சம் உரசிப் பார்க்கணும். மனுஷர் புதுப் படங்களைச் சில நிமிடத்தில் கற்றுப் பதில் சொல்கிறார். சுண்டெலி பூ, விமானம், சிலந்தி என்ற மூன்றே படங்களுக்கு மூன்று இடங்களை வாரக்கணக்கில் கற்கிறது. திரையில் பார்க்க ஒன்று போலத்தான். உள்ளே மூளை செய்வதும் ஒன்றா? நான் அவ்வளவு சுலபமாக ஆமாம் என்று சொல்லமாட்டேன். பெட்டியை விற்கும் கேம்ப்டன் நிறுவனத்துக்கு பஸ்ஸியும் சக்சிடாவும் ஆலோசகர்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும். கட்டுரைகளில் அவர்களே அதை எழுதிவிடுகிறார்கள்.

ஆனால் ஒன்றுக்காக இவர்களைப் பாராட்டியே ஆகணும். 2013-ல் நேச்சர் புரோட்டோகால்ஸ் இதழில் மூன்று கட்டுரைகளாகத் தங்கள் செய்முறை முழுவதையும், பயிற்சிப் படிகள் உட்பட, சமையல் குறிப்பு மாதிரி வெளியிட்டார்கள். 2019-ல் கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு மவுஸ்பைட்ஸ் என்ற திறந்த தரவுத்தளத்தை அறிவித்தது. மூன்று வகை அல்சைமர் சுண்டெலிகளை இரண்டு இடங்களில் சோதித்த பதிவுகள் அதில் இருக்கின்றன. மூன்று ஊர் கட்டுரைக்கு 20 வருஷம் கழித்து வந்த பதில் என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன். காசில்லாத ஆய்வுக்கூடங்களுக்கும் வழி பிறந்தது. 2014-லேயே ஒருவர் ஐபாட் டச்சையும் ஆர்டுயினோவையும் சேர்த்து மலிவான ஒரு பெட்டி செய்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டார். அந்தக் கோடைத் தேடிப் படித்தேன், சுத்தமான வேலை.

அம்மாச்சி கதையின் மிச்சம். இந்த வருஷம் இன்னொரு இடத்தில் அவங்களுக்கு டேப்லெட்டில் ஒரு சோதனை வைத்தார்கள். பெட்டிகள் திறந்து மூடும், எதற்குள் எந்தப் படம் இருந்தது என்று தொட்டுக் காட்டணும். அம்மாச்சி தொட்டாங்க, ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தொட்டாங்க, அப்பவும் இல்லை. 60 வருஷம் பாத்திரம் தேய்த்துக் காய்ந்துபோன விரல், திரை அதை விரலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. உதவியாளர் "அழுத்துங்க பாட்டி" என்றார். அழுத்தினால் எப்படி? அது அழுத்தத்தில் வேலை செய்வதில்லையே. விளக்கம் சொன்ன நேரம் அரை நிமிடம் இருக்கும். அதற்குள் முதல் சுற்று போய்விட்டது, அதுவும் மார்க்கில் சேர்ந்தது. அம்மாச்சி வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதல்முறையாக டச் ஸ்கிரீனைத் தொட்டாங்க.

வீட்டுக்கு வந்து என் பழைய டேப்லெட்டில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒரு சின்ன புரோகிராம் எழுதிப் போட்டேன். முதல் நாள் திரையில் ஒரே ஒரு பூ மட்டும். எங்கே தொட்டாலும் மணி அடிக்கும். விரல் நுனியை ஈரத்துணியில் ஒற்றிவிட்டுத் தொடச் சொன்னேன், மணி அடித்தது. அடுத்த நாள் பூவைத் தொட்டால்தான் மணி. நாலாவது நாள் இரண்டு படம். என்ன செய்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னபோது எலிக்கதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன், அது அப்படியே அம்மாச்சி காதுக்குப் போய்விட்டது. ஆறாவது நாள் டேப்லெட்டை நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தொடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தாங்க.

"ஏன்டா, சரியாத் தொட்டா எனக்கு என்ன தருவ?"